ஒன்றரைச் சுற்றுத் தண்ணீர்

கல் விழுகிறது. சிமெண்ட் ஓட்டில் ஒன்று. தகரக் கதவில் ஒன்று. செவ்வாய்க்கிழமை, மாலை நான்கரை. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஓடுகிறேன். உள்ளே என் மனைவி சரோஜா.

"ஏனுங்க, வராதீங்க! கீழத்தெருக்காரங்க நிக்கறாங்க!" சன்னலில் நின்று கத்துகிறாள்.

எங்கள் ஊர் எருமப்பட்டிக்குத் தெற்கே. அன்று பஞ்சாயத்துத் தேர்தல் ஓட்டு எண்ணினார்கள். மூன்று முறை ஜெயித்த தலைவர் தோற்றார். நான் அவர் வைத்த ஆள். குழாய்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவது என் வேலை.

முதல் முறை அவர் நியாயமாகத்தான் ஜெயித்தார். கோடையில் தன் கிணற்றுத் தண்ணீரை எல்லாத் தெருவுக்கும் டிராக்டரில் அனுப்பினார். நானும் ஓட்டுப் போட்டேன். அதன் பிறகு பயத்தை வைத்து ஜெயித்தார். இரண்டாம் முறை கீழத்தெருவில் அவருக்கு ஓட்டுக் குறைந்தது.

"கீழத்தெருவுக்கு ஒண்ணரச் சுத்துப் போதும் சாமி" என்றார். அதட்டவில்லை. வால்வை ஒன்றரைச் சுற்று மட்டும் திறந்தேன். மேட்டுத்தெருவுக்கு ஆறு. எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது.

சரோஜா பிறந்தது கீழத்தெருவில். "உங்க தலைவரு ஊட்டு எருமை ரெண்டு வேளை குளிக்குது. எங்கம்மா கொடத்தோட அலையுதுங்க" என்பாள். வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குக் கிளம்புவேன்.

இந்தக் கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றியது. ஆறு சுற்றுத் திறந்தாலும் காற்றுதான் வந்தது. கொடுக்கவும் தண்ணீர் இல்லை, நிறுத்தவும் இல்லை. யாரும் அவருக்குப் பயப்படவில்லை. அவ்வளவுதான். தோற்றார்.

வாசலை நெருங்குகிறேன். தலைவருக்கு இரண்டு முறை போன் செய்துவிட்டேன். எடுக்கவில்லை. கூட்டத்தில் சரோஜாவின் தம்பியும் நிற்கிறான். கையில் கல்.

"நிறுத்துங்கடா! அக்கா உள்ள இருக்குது!" கத்துவது அவன்தான். அதற்குள் சன்னல் கண்ணாடி உடையும் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடுகிறேன்.

வியாழக்கிழமை புதுத் தலைவர் சரோஜாவைப் பார்க்க நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். வருத்தப்பட்டார். போகும்போது என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"புதுசா போர்வெல் போடறமுங்கண்ணா. மேட்டுத்தெருவுக்கு இனி ஒண்ணரச் சுத்துப் போதும்."

வால்வுச் சாவியை அவர் கையில் கொடுத்தேன். வேறொரு ஆளைப் பாருங்க என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று தெரியவில்லை.

கல் யார் கையிலிருந்து வந்தது என்பதைச் சரோஜா பார்த்திருக்கிறாள். போலீசிடம் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

போனவை இவை. சிமெண்ட் ஓடு ஏழு. சன்னல் ஒன்று. பதினைந்து வருட வேலை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வராத மைத்துனன் ஒருவன். சரோஜாவின் இடது கண்.