நடுவில் பன்னிரண்டு படங்கள்

எனக்குப் பொன்னாடை ஒத்துக்கொள்ளாது. கழுத்தில் அரிக்கும். ரங்கூனில் நம்மவர்கள் சங்கம் தொடங்கினால் முதலில் வாங்குவது பொன்னாடை, நாற்காலி அப்புறம்தான். இதைச் சங்க மலரிலேயே எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். எவனாவது வீங்கினால் ஊசி குத்துவது என் பழக்கம்.

அதே சங்கம் 2009இல் என் பால்ய நினைவுகளைக் கார்ட்டூன் படமாக எடுக்க முடிவு செய்தது. கதை எளிது. ஐம்பது தாண்டிய மனிதன் லான்மடாவ் படகுத்துறைக்கு வருகிறான். தன் பதினொரு வயதில் அங்கே ஆற்றில் பறிகொடுத்த தம்பி ராமுவை நினைக்கிறான். தலைவர் கணேஷ்குமார் கதையைக் கேட்கும்போதே கைக்குட்டையை எடுத்துவிட்டார். இடைவேளை வரை பொறுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

வரைந்தவள் இந்துமதி. கரண்ட் போனால் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டி வெயில் வெளிச்சத்தில் வரைவாள். என்னை 'ஊலே' என்பாள். இந்தத் தலைமுறை மாமாவைக்கூடப் பர்மியத்தில்தான் கூப்பிடுகிறது. ஒருநாள் இரண்டு தாள்களோடு வந்தாள்.

"ஊலே, இதுல தம்பி துறையில தொங்குறான், நீங்க மணிக்கட்டைப் பிடிச்சிருக்கீங்க. இதுல உங்க கை விரிஞ்சிருக்கு. நடுவுல என்ன?"

"என்னம்மா, துக்கந்தான்."

"துக்கத்தை எப்படி வரையறது? அசைவு தெரியணும்னா நடுவுல பன்னிரண்டு படம் வேணும். மொதல்ல அசைஞ்சது யாரு?"

நாற்பத்திரண்டு வருஷத்தில் போலீஸ்கூடக் கேட்காத கேள்வி. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை. சம்பான்காரர் பீர் முகைதீன் படகை நகர்த்தினார், அது இடித்துத் தம்பி கை நழுவிவிட்டது என்று அன்றைக்கே நான் சொல்லியிருந்தேன். அவரை அடித்துத் துறையை விட்டே விரட்டினார்கள்.

படச் செய்தி கேட்டு அவரே மாடியேறி வந்தார். எண்பது வயது. மூச்சு வாங்கியது.

"தம்பி, அன்னைக்கு நீ சின்னப்புள்ள, பயந்திருப்பே. கட்டின கயித்தை நான் அவுக்கவே இல்லப்பா. சினிமாவுலயாவது என் சம்பானை அசையாம நிறுத்து. பேரப்புள்ளைங்க பாக்கணும்."

தேநீர் வாங்கிக் கொடுத்து, படியிறங்கும் வரை கையைப் பிடித்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து இந்துமதியிடம் சொன்னேன்: "படகை நகர்த்தும்மா." அவள் பென்சிலைச் சீவினாள். பன்னிரண்டு படங்களிலும் சம்பான் அழகாக நகர்ந்தது.

திரையிட்ட அன்று கொட்டகையே அழுதது. படகு அசைந்ததும் பின்வரிசைக் கிழவர் ஒருவர் பேரப்பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். முடிவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அரிக்கவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். படகு அசையவில்லை. அன்று காலை பள்ளிப் பேச்சுப் போட்டியில் அப்பாவின் கோட்டை மாட்டிக்கொண்டு பேசினேன். ராமு என்னைப் போலவே நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைச் செருமிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்தான். மாலையில் சம்பானிலிருந்து துறைக்குத் தாவும்போது அவனுக்கு வழுக்கியது, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். தொங்கிக்கொண்டே அந்தச் செருமலை இன்னொரு முறை செய்தான்.

விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவசரப்படவில்லை.

கேலிக்கும் ஓர் அளவு உண்டு. எட்டு வயதுப் பையனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.