ஓடுகிற வண்டிக்கு எதற்கு சர்வீஸ்

இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி என்றால் எல்லோரும் என்ஜினைப் பற்றித்தான் கேட்பார்கள், மேடம். கூலன்ட் எப்படி இருக்கிறது, பெல்ட் எப்படி இருக்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை.

எங்களுடையது ஏழு பேர் உட்காரும் வண்டி. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வாங்கியது. அவர்கள் படித்து முடித்துக் கனடா போய்விட்டார்கள். வண்டி எங்களோடு ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே தங்கிவிட்டது. ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, டயர்களை இடம் மாற்றிப் போட்டு அதை ஓடவைத்தவள் நான். சர்ச் வாசலில் பாராட்டு வாங்கியவர் என் கணவர் டிரேவர். வண்டியைப் புதுசு மாதிரி வைத்திருக்கிறீர்களே என்று யாராவது சொன்னால் அடக்கமாகச் சிரிப்பார். அந்த அடக்கத்தை அவரிடம் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

வெளியே போலீஸ் ஜீப்பில் நீங்கள் உட்காரவைத்திருக்கும் கிளாரன்ஸ் சிவாஜிநகரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக். ஏற்காட்டு மலையில் ஒரு வண்டி பிரேக் பிடிக்காமல் உருண்டால், அதன் கண்ணாடியில் யாருடைய சர்வீஸ் ஸ்டிக்கர் இருக்கிறதோ அவரைப் பிடிப்பது வசதிதான். பெங்களூர் வரைக்கும் வந்திருக்கிறீர்கள், வெறுங்கையோடு திரும்ப முடியாது. ஆனால் அவர் வேலையைக் குறை சொன்னால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஈஸ்டர் அன்று வீட்டில் விருந்து. வண்டியை சர்வீஸுக்கு விட வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். டிரேவர் பிரியாணித் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓடுற வண்டிக்கு சும்னே எதுக்கு சர்வீஸ்? இவளுக்கு அந்த கிளாரன்ஸ் மூஞ்சியப் பாக்கலன்னா தூக்கம் வராது."

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய அக்கா ஆஞ்சலாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன். இனிமேல் அந்த ஷெட் பக்கமே போகக் கூடாது என்று அப்போதே உத்தரவும் ஆனது.

நான் கணவர் பேச்சைக் கேட்கிறவள். போகவில்லை.

சர்வீஸுக்கு விட வேண்டிய நாள் தாண்டியதும் கிளாரன்ஸே ஃபோன் செய்தார். பொறுப்பான மனிதர்.

"அக்கா, அடுத்த சர்வீஸ்ல பிரேக் பேடு, பிரேக் ஆயில் ரெண்டும் மாத்தியே ஆகணும்னு சொன்னேன்ல. ஊருக்குள்ள மெல்ல ஓட்டிக்கலாம். மலை எறக்கம் மட்டும் வேணவே வேணாம். சூடாச்சுன்னா பெடல் அப்படியே உள்ள போயிரும்."

நன்றி சொல்லி வைத்தேன். எதைச் செய்யக் கூடாது என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தருகிறவர்கள் குறைவு.

அந்த வாரமே டிரேவரின் பிறந்தநாளுக்கு ஏற்காட்டில் அறை பதிவு செய்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் நான் செய்த எதற்கும் கலங்காத கண். கிளம்பும் நாள் பார்த்து எனக்குக் காய்ச்சல். காய்ச்சல் என்று சொல்லத் தெர்மாமீட்டர் தேவையில்லை. அறையை வீணாக்க வேண்டாம், நீங்கள் மட்டும் போய் வாருங்கள் என்றேன். தம்பிக்குத் துணையாக ஆஞ்சலா பையோடு வந்து நின்றார். நான் அவரை அழைக்கவில்லை; இதைக் குறித்துக்கொள்ளுங்கள். போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆசையாகக் கிளம்புகிறவர்களைத் தடுப்பது எனக்குப் பழக்கமில்லை.

ஏறும்போது பிரேக்குக்கு அதிக வேலையில்லை. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள். தினமும் ஃபோனில் பேசினேன். ஏரியில் படகில் போனதை ஆஞ்சலா சொன்னார். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னேன்; சளி பிடித்துவிடக் கூடாதே. இறங்கும் நாள் காலையில் டிரேவர் கூப்பிட்டு, கிளம்பப்போகிறோம் என்றார். மெதுவாக வாருங்கள் என்று சொன்னேன். அதன் பிறகு நான் கூப்பிடவில்லை. வண்டி ஓட்டுகிறவரை ஃபோனில் தொந்தரவு செய்வது எவ்வளவு ஆபத்து என்று போலீஸில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

பாதி இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில், இரண்டு பேரும் போய்விட்டார்கள். அது உங்களுக்கே தெரியும்.

அந்த வண்டியில் ஒரு நட்டைக்கூட என் கை தொடவில்லை, மேடம். அவர் கருத்தை மதித்தேன், அவ்வளவுதான். அதற்குக் கொலை என்றுதான் பெயர் என்றால் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யூனிஸ் டிரேவர் என்று முழுப் பெயரையும் போடுங்கள். கிளாரன்ஸை வீட்டுக்கு அனுப்புங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. விட்டுவிட்டால் வாக்குமூலம் அரைகுறையாகிவிடும். அன்று கிளம்பும்போது டிரேவர் கேட்டருகே வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். கல்யாணமான நாளிலிருந்து வண்டியைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"யூனிஸ், அன்னிக்கு நான் பேசினத மனசுல வச்சுக்காத. நான் வேணாம்னாலும் நீ கேக்க மாட்டே, வண்டிய விட்டுத்தான் இருப்பே. அக்கா வேற வர்றாங்க. பிரேக்கெல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை, மேடம். பார்த்துத்தான் அனுப்பினேன்.