மூக்கைத் தொடாத தோட்டம்

ஷாமிளா: இந்த ரப்பர் தோட்டத்துல ஒருத்தர் முன்னாடி இன்னொருத்தர் மூக்கத் தொட மாட்டாங்க சார். யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்ததில்ல. கங்காணி, மருந்து குடுக்குற டிஸ்பென்சர் அய்யா, கலியாணத்துக்கு வர்ற வெளியூர்ச் சொந்தம்... எல்லாரும் அப்படித்தான். நீங்க இப்ப தொட்டீங்க.

ஆரூரன்: நானோ? இல்லை... கண்ணாடி வழுக்கினது. மேல தள்ளினனான்.

ஷாமிளா: கண்ணாடி உங்க சேர்ட் பொக்கட்ல இருக்கு சார்.

பஹ்மா: விடு புள்ள. கொழும்புலேந்து மழையில நனைஞ்சு வந்த மனுசன். தடிமன் புடிச்சிரிக்கும். சார், இஞ்சி போட்டு ஒரு பிளேன்டீ ஊத்தவா?

ஆரூரன்: வேண்டாம், நன்றி. வேலையை முடிப்பம்.

ஷாமிளா: எப்படி முடிப்பீங்க? வெளயாட்டுப் பெட்டியத் தொறந்தீங்க, மூக்கத் தொட்டீங்க, ஒடனே மூடிட்டீங்க. உள்ள இருக்கற யானையக் கூட இன்னும் வெளிய எடுக்கல.

ஆரூரன்: எடுக்கத்தான் போறன். அதுக்கு முதல்... அந்த யன்னலைத் திறந்து விடலாமோ?

ஷாமிளா: சாரல் அடிக்கும். சீட்டுக் கட்டு, பலகை எல்லாம் நனைஞ்சிரும்.

பஹ்மா: நனையாது. நான் மூடிக்கிறன். கொஞ்சம் காத்து வரட்டும்.

ஷாமிளா: காலைல நான் தொறக்கப் போனப்போ வேணாம்னு சொன்னவ நீதானே பஹ்மா?

பஹ்மா: காலைல காலைல தான். இப்ப இப்ப தான்.

ஆரூரன்: ஷாமிளா, நான் என்ன பாக்க வந்தனான் எண்டதை முதலில சொல்லிவிடுறன். இந்த விளையாட்டு நல்லதோ, கூடாதோ எண்டு தீர்க்கிறது என்ர வேலை இல்லை. பெட்டிக்குள்ள இருக்கிற பலகை, சீட்டு, உருவங்கள், இதுகள் வாங்கிறவன்ர கையில எப்பிடி இருக்கும் எண்டதைத்தான் நான் பாக்கிறது. பலகையும் சீட்டும் கொழும்பில அச்சடிச்சது. அதில பிழை இல்லை. உங்கட பெண்கள் செய்த உருவங்கள்தான் இண்டைக்குக் கேள்வி.

ஷாமிளா: கேளுங்க சார். அதுக்குத்தானே ஒக்காந்திருக்கேன்.

ஆரூரன்: யானை. வயித்தில ஒரு கோடு ஓடுது, தையல் போட்ட மாதிரி.

ஷாமிளா: ரெண்டு அச்சும் சேர்ற எடம். உங்க கொம்பனி அனுப்பின பிளாஸ்டிக் சாம்பிள்லயும் அது இருக்கு. ரெண்டையும் நகத்தால தடவிப் பாருங்க. எதுல மாட்டுது?

ஆரூரன்: ...சாம்பிளிலதான்.

ஷாமிளா: அடுத்தது.

ஆரூரன்: வேல்காரன். வேல் வளையுது.

ஷாமிளா: ரப்பர் வளையாம? வளைச்சு விடுங்க, நிமிந்துரும். பிளாஸ்டிக் வேல வளைச்சா ஒடிஞ்சுதான் போகும். அதுக்காகத்தானே உங்க கொம்பனி ரப்பர்ல கேட்டுச்சு?

பஹ்மா: எங்கட வீரன் முதல்ல கும்பிடு போட்டுட்டுத்தான் சண்டைக்கிப் போவான் சார். மரியாத தெரிஞ்ச புள்ள.

ஆரூரன்: ம்... ராசா ஆடுறார். அடி மட்டமில்லை.

ஷாமிளா: ஆடுறது மேச சார். இது பழைய ரப்பர் ஷீட் அடுக்குற மேச. ராசாவப் பலகையில வைங்க.

ஆரூரன்: ...சரி. நிக்கிறார்.

ஷாமிளா: அப்ப எல்லாம் சரி தானே? பாஸ் போடுங்க.

ஆரூரன்: ஏலாது.

ஷாமிளா: ஏன்?

ஆரூரன்: மொத்தமாப் பாக்கேக்க... தரம் காணாது, போதாது.

ஷாமிளா: மொத்தமான்னா என்னா சார்? யானை சரி, வேல்காரன் சரி, ராசா சரி. மூணும் தனித்தனியா சரியா இருந்து, சேத்து வச்சா மட்டும் எப்படிக் காணாம போகும்?

ஆரூரன்: சில குறையள் கண்ணுக்குத் தெரியாது.

ஷாமிளா: கண்ணுக்குத் தெரியாத குறைய எப்படிக் கண்டீங்க?

பஹ்மா: ஷாமி, சார விடு. அவர் எழுதுறத எழுதட்டும். நாம திருப்பிச் செய்வோம்.

ஷாமிளா: எதத் திருப்பிச் செய்யிறது? என்னா பிழைன்னு சொன்னாத்தானே? நீ ஏன் இன்னைக்கு அவரு பக்கமே சாயிற?

பஹ்மா: நான் எங்க சாஞ்சன்...

ஆரூரன்: ஒண்டு கேக்கலாமோ? இந்த மூக்கு விசயம். ஏன் அப்பிடி ஒரு கட்டுப்பாடு?

ஷாமிளா: ரப்பர் பால் வெட்டுறவங்க மேல ஒரு வாடை அடிக்குமாம் சார். அடிக்குமாம்னுதான் எங்களுக்குத் தெரியும். கரவனெல்ல டவுன்ல பஸ் ஏறினா பக்கத்து சீட்டுல இருக்கற பொம்பள, நோனா, லேஞ்சிக் கைக்குட்டைய எடுத்து மூக்குல வைப்பாங்க. எங்கம்மா ஒருக்கா, அந்த நோனாவுக்கு ஒடம்பு சரியில்ல போலன்னு நெனச்சு, எழும்பி எடம் குடுத்துச்சு. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அதுக்கு வெளங்குச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. வெளிய அவ்வளவு பட்டுட்டு வர்றவங்க... உள்ளயாச்சும் ஒருத்தர ஒருத்தர் அப்படிச் செய்யக் கூடாதில்லையா?

ஆரூரன்: ...விளங்குது.

ஷாமிளா: வெளங்கினா சரி. அப்ப கண்ணாடிய விட்டுட்டு வேற காரணம் சொல்லுங்க.

ஆரூரன்: நான் சொல்லுறது உங்களுக்கு உதவாது, ஷாமிளா.

ஷாமிளா: எனக்கு எது ஒதவும்னு நான் சொல்றேன். ஏஜென்சிக்காரர் பவாஸ் இன்னைக்குப் பொழுது சாய போன் எடுப்பாரு. குவைத்துல ஒரு வீட்டு வேல. நான் வரலன்னா அந்த எடத்த இன்னொருத்திக்குக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாரு. நீங்க பாஸ் போட்டா, நான் மாட்டேன்னு சொல்லுவேன். போடலன்னா, வர்றேன்னு சொல்லுவேன். என் மகளுக்கு நான் மட்டுந்தான் சார். நேத்துப் பள்ளிக்கூடத்துல, எங்கம்மா யானை செய்யிறாங்கன்னு சொல்லியிருக்கா. டீச்சர் நம்பலயாம். ஒண்ணு கொண்டு வந்து காட்டவான்னு கேட்டிருக்கா.

ஆரூரன்: குடுத்து விட்டீங்களோ?

ஷாமிளா: இல்ல. பாஸ் ஆகட்டும்னு சொன்னேன்.

பஹ்மா: சார், ஒரு விசயம். பெட்டிகள ரெண்டு மூணு நாள் தொறந்தே வெச்சா... பெயிண்ட் நல்லாக் காயும். எனக்கென்னமோ பெயிண்ட் சரியாக் காயல்ல போலதான் இரிக்கி.

ஆரூரன்: பெயின்ற்...

பஹ்மா: ஓம். பெயிண்ட் என்ட வேல. மழையில அவசரப்பட்டு மேல மேல பூசிட்டன். என்ட பிழை எண்டே எழுதுங்க.

ஆரூரன்: அப்பிடி எழுதலாம். அது... அப்பிடி எழுதினால் நல்லம்.

ஷாமிளா: காஞ்சிருக்கு சார். இந்தா பாருங்க, தேய்க்கிறேன். கையில ஒட்டுதா? இவ பொய் சொல்றா. ஏன்டி பொய் சொல்ற?

பஹ்மா: வாய மூடு புள்ள. கொஞ்ச நேரம்.

ஆரூரன்: ஷாமிளா, கேளுங்கோ. பொருளில பிழை எண்டு எழுதினால், றப்பர் சரிவராது எண்டு கொம்பனி முடிவு கட்டிப்போடும். பழையபடி பிளாஸ்டிக்குக்குப் போயிடுவினம். செய்முறையில பிழை எண்டால், திருத்துறதுக்கு ஒரு தவணை குடுப்பினம். ஒரேயொரு தவணை. பெயின்ற் செய்முறைக்குள்ள வரும்.

ஷாமிளா: தவணை குடுத்தா நான் பவாஸுக்கு இல்லன்னு சொல்லலாமா?

ஆரூரன்: ...சொல்லலாம்.

ஷாமிளா: ஆனா பஹ்மா பேரு கெட்டுப் போகும்.

பஹ்மா: எனக்கென்ன பேரு? கெட்டா கெடட்டும். நீ போகாம இருந்தாக் காணும்.

ஷாமிளா: சரி. பெயிண்ட்னு எழுதுங்க சார். அடுத்த தடவ பெயிண்ட மட்டும் நல்லாக் காய விடுறோம். மத்ததெல்லாம் அப்படியே இதே மாதிரித்தான் செய்வோம். ஒரு மயிரிழை மாத்த மாட்டோம்.

ஆரூரன்: எல்லாம் இதே மாதிரியோ?

ஷாமிளா: ஆமா சார்.

ஆரூரன்: அப்ப அடுத்த முறையும் நான்தான் வருவன். இதே பெட்டியைத்தான் திறப்பன்.

பஹ்மா: சார்...

ஆரூரன்: பால் ஊத்தின அச்சுகளை எங்க காய வைச்சனீங்கள்? நான் கேக்காமல் போக நினைச்சனான். இவ்வளவு நாள் மழை. வெயிலே இல்லை.

ஷாமிளா: விசிறில.

ஆரூரன்: எந்த விசிறி? இந்தக் கட்டடத்தில நான் ஒரு விசிறியும் காணேல்லை.

ஷாமிளா: வீட்லேருந்து கொண்டாந்தது. திருப்பிக் கொண்டு போயாச்சு.

ஆரூரன்: ஷாமிளா.

ஷாமிளா: ...வெயில்லயோ விசிறிலயோ காய வைக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்குன்னு தெரியும் சார். வெயில் எங்க? ஊத்தினது பிசுபிசுன்னு அச்சுலயே நின்னுச்சு. தொட்டா யானைக்குக் காது கழண்டு வந்துச்சு. பொம்பளைங்க என் மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அப்பதான் புகையறை ஞாபகம் வந்துச்சு. ஷீட் காய வைக்க எந்நேரமும் நெருப்புப் போட்டிருப்பாங்க. வாச்சருகிட்டச் சொல்லி, ஷீட் தொங்குற கம்பிக்குக் கீழ பலகை போட்டு, எல்லாத்தையும் அடுக்கினேன். மரத்துலயே ஒறைஞ்சு போற ஒட்டுப்பால் மூட்டையெல்லாம் அங்கதான் கெடக்கும். ஒதுக்கி வச்சிட்டு எடம் பண்ணினேன். எவ்வளவு அழகாக் காஞ்சுச்சு தெரியுமா? ஒரு காது கழறல.

ஆரூரன்: புகையறையில.

ஷாமிளா: ஆமா. அதுல என்னா பிழை? சூடு சூடுதானே?

ஆரூரன்: சூடு மட்டும் எண்டால் பிழை இல்லை.

ஷாமிளா: கரி பட்டிருக்கா? ஒவ்வொண்ணையும் தொடச்சுத்தானே பஹ்மாகிட்டக் குடுத்தேன். நிறம் மாறியிருக்கா? சொல்லுங்க சார்.

ஆரூரன்: என்னால சொல்ல ஏலாது.

ஷாமிளா: சொல்றதுக்குத்தானே உங்களுக்குச் சம்பளம்.

ஆரூரன்: அதுக்குத்தான். ஆனால்... நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவன். எங்கட ஆக்கள் உங்கட தோட்டத்து ஆக்களைப் பற்றி என்னென்ன கதைச்சிருக்கினம் எண்டு எனக்குத் தெரியும்; என்ர வீட்டிலயும் கேட்டிருக்கிறன். இப்ப நான் இங்க வந்து, உங்கட கதிரையில இருந்துகொண்டு, அந்தச் சொல்லைச் சொன்னால் அது தரம் பாக்கிற சொல்லா இருக்காது. வேற ஒண்டா மாறிப்போடும்.

ஷாமிளா: சொன்னா இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய போயிருவேன். சொல்லலன்னா குவைத்துக்குப் போவேன். எப்படியும் போகத்தான் போறேன். எதுக்குப் போறேன்னு தெரிஞ்சுக்கிட்டாச்சும் போறேனே சார்.

ஆரூரன்: பெயின்ற் எண்டு எழுதிறன். மிச்சத்தை உங்களுக்குள்ள...

ஷாமிளா: எங்களுக்குள்ள என்னா?

பஹ்மா: சார் செல்ல வேணாம். நான் செல்றன்.

ஷாமிளா: நீ என்னத்தச் சொல்லப் போற?

பஹ்மா: பெட்டி நாறுது, ஷாமி.

ஷாமிளா: ...பஹ்மா.

பஹ்மா: நாறுது. மூடி வெச்சுத் தொறந்தா ஆள் நிக்க ஏலாத நாத்தம். முதல் பெட்டி முடிஞ்ச அண்டைக்கி, ஊட்டுல காட்ட ஆசைப்பட்டு ஒண்ணக் கொண்டு போனன். எங்கட ஊட்டுச் சின்னவள் அக்ஸா மூடியத் தொறந்தா. உள்ள ஏதோ செத்துக் கெடக்குது எண்டு ஓடிப்போயி வாந்தி எடுத்துட்டா. நீ மறு நாள் எப்படி எண்டு கேட்டாய். ஆசையா வெளயாடினா எண்டு செல்லிட்டன்.

ஷாமிளா: எனக்கு ஒண்ணுமே... ஒண்ணும் அடிக்கலயே.

பஹ்மா: உனக்கு அடிக்காது. பொறந்ததுலேந்து அதுக்குள்ள இருக்கிறாய். எனக்கும் இப்ப அடிக்கிறல்ல. உன்னோட இருந்து இருந்து என்ட மூக்கும் உன்ட மூக்காகிட்டு.

ஷாமிளா: அப்ப... என் மேலயும் அடிக்குதா?

பஹ்மா: அடிக்கிது. என் மேலயும் அடிக்கிது. இங்க வேலைக்கி வந்த நாள்லேந்து உம்மா என்ன அப்படியே ஊட்டுக்குள்ள எடுக்கிறல்ல. கிணத்தடியில குளிச்சு, உடுப்ப வேலியில போட்டுட்டுத்தான் படி ஏறுறன். உனக்கிட்டச் செல்ல வாய் வரல்ல... சார், பெயிண்ட் எண்டு எழுதினத வெட்டுங்க. புகையறையில ஒட்டுப்பாலோட காய வெச்சதால நாறுது எண்டு எழுதுங்க. செய்முறைப் பிழை, அதுக்கும் தவணை குடுப்பாங்க தானே. அடுத்த தடவ நாங்க அங்க வைக்க மாட்டோம்.