சண்டைக்கு ஆளில்லாத ஊடு

— தொல்லை ஒழிஞ்சுதுன்னு சந்தோஷப்படாம, ஆபீஸ் வாசல்ல வந்து நிக்கறீங்களே கிரேஸம்மா?

— ஒழிஞ்சுது ஜனார்தனன் சார். அதான் இப்ப பேஜாரு. எனக்கு அந்தக் குப்பம்மா பக்கத்துலயே ஊடு மாத்திக் குடு.

— பெருமாளே! ஆத்தங்கரைல இருந்தவரைக்கும் தெனமும் அவங்களோட சண்டை. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கீங்க.

— ரெண்டு தபா போனோம். அவ முருங்க மரத்துக் கம்பளிப்பூச்சி என் ஊட்டுல உழுந்துதுன்னு ஒரு தபா. நான் அத்த முறத்துல வாரி அவ ஊட்டுக்கே அனுப்பிச்சேன்னு இன்னொரு தபா.

— அதனாலதானே! வருஷா வருஷம் ஆரணி ஆத்து வெள்ளம் வருதேன்னு உங்க தெருவையே கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுவந்தோம். மத்தவாளுக்கெல்லாம் குலுக்கல்ல வீடு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் நானே மூளையக் கசக்கி, அவங்களுக்கு மொதல் பிளாக்கு, உங்களுக்குக் கடைசி பிளாக்குன்னு போட்டேன். ‘மோதல் இல்லாத மறுகுடியமர்வு’ன்னு மெட்ராஸ்ல மீட்டிங்ல பேசினேன். எல்லாரும் கைதட்டினா. எனக்கு மட்டும் முந்திரி பிஸ்கட் வேற.

— நீ பிஸ்கட் துன்னுட்ட, நான் மாட்டிக்கினேன். பக்கத்து ஊட்டுல ஒரு பொண்ணு கீது சார். என்னைக் கண்டா சிரிக்குது. “நாஷ்டா ஆச்சாக்கா?”ன்னு கேக்குது. அத்தப் போய் எப்டி சண்டைக்கு இழுக்கறது?

— நிம்மதியா இருக்கலாமே?

— நிம்மதி எனக்கு ஒத்துக்கல சார். கம்பெனில கூட்டிப் பெருக்கசொல்ல என்னை நானே திட்டிக்கினு கீறேன். “யாருகிட்டம்மா பேசற?”ன்னு சூப்பர்வைசரு பயந்து போறாரு.

— சரி, வேற ஒரு நல்ல சண்டைக்காரியாப் பாத்து...

— இன்னா சார், வெளையாடறியா? போன வெள்ளத்துல நான் தூங்கிக்கினு இருந்தேன். உங்க சைரன் ஊதுச்சா?

— சைரனுக்குக் கரண்ட் வேணுமே. கரண்ட்டை நாங்கதான் கட் பண்ணச் சொல்லியிருந்தோம்.

— நல்லா பண்ணீங்க. குப்பம்மாதான் முட்டியளவு தண்ணி ஏறசொல்ல வந்து கதவ ஒதச்சா. “சாவறதுன்னா வேற தெருவுல போய் சாவுடி, முண்டம்”னு திட்டிக்கினே என் முடியப் புடிச்சு இஸ்துக்கினு போனா. அவ வாய் இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல. இத்தப் போய் அவகிட்ட சொல்லிடாத, தலகால் புரியாம ஆடுவா. இன்னா சார், மொகம் ஒரு மாதிரி ஆவுது?

— காலைல குப்பம்மா வந்தாங்க. “திட்ட ஆளில்லாத ஊடு எனக்கு எதுக்குய்யா?”ன்னு சாவியை மேஜைமேல வீசிட்டுப் போனாங்க. நம்மளத் திட்டத்தான் வந்திருக்காங்கன்னு நினைச்சிண்டு, நான் பாட்டுக்குக் குனிஞ்சு கம்ப்யூட்டரைப் பாத்திண்டிருந்தேன்.

— எங்க போறேன்னா?

— ஆத்தங்கரைக்கு. அவங்க பழைய வீட்டை மட்டும் இன்னும் இடிக்கல. முருங்க மரம் குறுக்க நின்னு மிஷின் உள்ள போகல.

— அடிப்பாவி! ஏரியத் தொறந்து உட்டுக்கீறாங்களே சார், ஆத்துல தண்ணி ஏறிக்கினே வருதாமே!

— ஜீப்பை எடுக்கச் சொல்றேன். நான் போய்ப் பக்குவமா எடுத்துச் சொல்லி...

— நீ பக்குவமா சொன்னா அவ அங்கியே குந்திக்குவா. அந்தச் சாவிய இப்டிக் குடு. போன தபா அவ வந்து திட்டுனா. இந்த தபா எம்மொற.

— நானும் கூட வரேம்மா.

— ஜீப்பு வரட்டும். நீ வாணாம் சார். நீ வந்தா எங்க ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி வச்சிடுவ.