வக்கீலு கவர்னரான கதை

இல்ல தம்பி, ஜன்னலைத் தொறக்காத, ரயிலு கரிப்புகை பூரா மூஞ்சில அடிக்கும். அது என்ன மடியில, பைபிளா? சட்டப் புஸ்தகமா! அதானே பார்த்தேன். இவ்வளவு நேரமா நான் பேசப் பேச வாயே தொறக்காம கேட்டுக்கிட்டிருக்கியேன்னு அப்பவே சந்தேகம். வக்கீலுக்குப் படிக்கிற உங்காளுங்கதான் அப்படிக் கேப்பாங்க.

கோவிச்சுக்காத. படிச்சு முடிச்சு என்னாவப் போற? ஏழைங்களுக்காக வாதாடவா? சரி சரி. வாதாடுறதோட நின்ன வக்கீலு யாரு, ஒருத்தனைக் காட்டு. இங்கிலாந்து ராஜா வேணாம்னு சுதந்திரப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவங்கள்லயே பாதிக்குக் கிட்ட வக்கீலுங்கதானாம். இன்னிக்கும் சட்டசபைல எட்டிப் பாரு, ஏர் பிடிச்ச கை எத்தன இருக்குன்னு. சட்டம் எழுதுறது இவங்க, அதுல ஓட்டை வக்கிறது இவங்க, அந்த ஓட்டை வழியா ஆளைக் கூட்டிட்டு வர்றதும் இவங்க.

ஏன் இவ்வளவு கசப்புன்னு பாக்குறியா? எனக்கு ஒரு அண்ணன் இருந்தான், ஜோசையா. வடக்கு மாகாணமும் தெக்கு மாகாணமும் அடிச்சுக்கிட்ட சண்டைக்குப் போயி முழுசாத் திரும்பி வந்தவன். மறு வருஷமே பக்கத்து நெலத்துக்காரன் டாக்கெட் அவனைச் சுட்டுக் கொன்னுட்டான். எதுக்கு? டாக்கெட்டோட பன்னி எங்க சோளத்துல பூந்துச்சு, வேலியைக் கட்டுடான்னு அண்ணன் கேட்டான். அதுக்கு. மாவு மில்லு வாசல்ல, பட்டப்பகல்ல, நாலு பேரு பார்க்க.

டாக்கெட்டுக்கு வக்கீலா வந்தவருதான் லெமுவேல் ப்ராக்டர். ஆமா, அவரேதான், இப்ப கவர்னரு. அப்போ சின்ன வயசு, சாயம் போன கோட்டு. சுடவே இல்லன்னு அவரு ஒரு தடவைகூட சொல்லல தம்பி! டாக்கெட்டு பொண்டாட்டியைக் கைக்குழந்தையோட முன் பெஞ்சுல உக்கார வச்சுட்டு, தீர்ப்பு சொல்ற ஜூரிகிட்டப் போயி மெதுவா, அவங்க வீட்டுச் சமையக்கட்டுல உக்காந்து பேசுற மாதிரி பேசினாரு. பன்னெண்டு பேரும் மூக்கைச் சிந்துறாங்க. எங்கம்மாவே கண்ணைத் தொடச்சுக்கிட்டா, சொன்னா நம்புவியா? செத்தது அவ புள்ள!

டாக்கெட்டை விட்டுட்டாங்க. கோர்ட்டுப் படியில ப்ராக்டரு எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழட்டி, ரொம்ப வருத்தம்மான்னாரு. நான் அவரு பூட்ஸு மேல துப்பினேன். கைக்குட்டையால தொடச்சுட்டுப் போயிட்டாரு. கொஞ்ச நேரங்கழிச்சு சத்திரத்துப் பக்கமாப் போறோம், எங்களுக்காக வாதாடுன அரசாங்க வக்கீலும் இவரும் ஒரே மேசைல பன்னிக்கறி தின்னுக்கிட்டு சிரிச்சுக்கிட்டிருக்காங்க. இப்ப இவரு கவர்னரு, அவரு வாஷிங்டன்ல பெரிய சபை மெம்பரு. ஊருக்குத்தான் அவங்க எதிரெதிர்க் கட்சி.

இதுல கூத்து என்னன்னா, என் வூட்டுக்காரரு ஒவ்வொரு தேர்தலுக்கும் ப்ராக்டருக்குத்தான் ஓட்டுப் போட்டாரு. கேட்டா, மனுஷன் என்னமாப் பேசுறாரு மார்த்தாங்குறாரு. பேசுறாருன்னுதான்யா பயம்! ஒரு வாரம் அவருக்குச் சோறு பொங்கல நான்.

தலைய ஆட்டாத. ஆட்டுறப்போ இன்னும் வக்கீலாட்டமே இருக்க.

வண்டி மெதுவாகுதே, தலைநகரமா? கவர்னரு மாளிகைக்கு இங்கேருந்து நடந்து போயிடலாமா? முன்வாசல்ல விடுவாங்களா, பின்னால போகணுமா? இல்லப்பா, சண்டைக்கெல்லாம் இல்ல. என் மவன் ஆரன் ஜெயில்ல கெடக்கான். சாராயக் கடைல ஒரு வாய்ச்சண்டை, ஒருத்தன் செத்துட்டான். இவன்தான் குத்தினான், இல்லைன்னு நான் சொல்லல. வெள்ளிக்கிழமை தூக்கு. நிறுத்தணும்னா கவர்னரு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுமாம்.

நீ படிச்சவன், நீயே சொல்லு தம்பி. அவருகிட்டப் பேச்சை எங்கேருந்து ஆரம்பிக்கணும்?