விமானம் இறங்கும் மிளகாய்க் காடு

ராமநாதபுரத்திலிருந்து அபிராமம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"நம்ம மொளகாக் காட்டுல இன்னமும் ஏரோப்பிளேன் எறங்குதாம்" என்றார் அவர்.

"அப்ப மேல பாத்துக்கிட்டேதான் பழம் பொறுக்கணுமோ? யாரு சொன்னா?"

"தாலுகா ஆபீஸ்ல. ரெக்கார்டுல விமானத் திடல்னுதான் இருக்காம். ரெண்டு யுத்தத்துக்கும் நடுவுல, வெள்ளக்காரன் கொஞ்ச வருசம் பிளேன் எறக்குன எடம்."

"அவன்தான் விட்டுட்டுப் போயிட்டான்ல. உங்க பூட்டன் திருப்பி எழுதி வாங்கலயா?"

"அளக்க வந்தவக இது யாரு நெலம்னு கேட்டிருக்காக. நம்மளுதுன்னா பிளேனுக்குக் காவல் பாக்கச் சொல்லுவாகன்னு பயந்து, எங்களுது இல்லைங்கய்யான்னு ஊரே கைநாட்டு வச்சிருக்கு."

"நல்ல புத்திசாலிக் குடும்பமாப் பாத்துத்தான் என்னயக் கட்டிக் குடுத்துருக்காக."

அவர் மடியில் விரித்திருந்த தாளில் 'அரசு நிலம், ஆக்கிரமிப்பு' என்று இருந்ததை என்னால் படிக்க முடிந்தது.

"இப்ப என்ன செய்யப் போறாகளாம்?"

"வேலி போடப் போறாக."

"செடி பூராம் காய் நிக்குதே."

"அதத்தான் கேட்டேன். நெலம் எங்களுது இல்லன்னு எழுதிக் குடுத்தா, இந்தக் காய மட்டும் எடுத்துக்கிறலாமாம்."

"குடுத்துட்டீகளா?"

"கையெழுத்துப் போட்டுட்டேன்."

அந்த அம்மா ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"உங்க பூட்டனுக்காச்சும் எழுதப் படிக்கத் தெரியாது."