ஆறு பெயர்ந்த கடியாரம்

ஆம்பூர்த் தோல் கிடங்கு ஒன்றின் மேஸ்திரி சுப்பராயன். அங்கே ஆட்டு மயிர் அலசும் பூவம்மாள். ஆண்டு 1931.

சுப்பராயன்: ...நீதான் கீழ போட்டேன்னு சொல்லிடு. பொம்பளைன்னா மொதலாளி சாயபு ஒண்ணும் சொல்ல மாட்டாரு.

பூவம்மாள்: எதைக் கீழ போட்டேன்?

சுப்பராயன்: இன்னா, தெரியாத மாதிரி கேக்கற. சாயபு பாக்கெட் கடியாரத்தை. சீமைத் தங்கம். கல்கத்தா போறப்ப என்னை நம்பிக் குடுத்தாரு. நாளைக்கு வர்றாரு. கடியார முகத்துல பீங்கான் பேந்துடுச்சு, பாரு.

பூவம்மாள்: காட்டுங்க... மூணு இருக்குது, ஒம்போது இருக்குது... ஆறு காணோமே மேஸ்திரி.

சுப்பராயன்: அதான் சொல்றேன்.

பூவம்மாள்: பாலாறுதான் வத்திக் கெடக்குதுன்னு பார்த்தேன். உங்க ஆறுமா?

சுப்பராயன்: வாய் ஜாஸ்தி உனக்கு.

பூவம்மாள்: பேந்துடுச்சா, பேத்தீங்களா?

சுப்பராயன்: ரெண்டும் ஒண்ணுதான்.

பூவம்மாள்: எப்படி ஒண்ணு? பேந்துடுச்சுன்னா கடியாரத்து மேல பழி. பேத்ததுன்னா அதுக்கு ஒரு கை வேணும். யார் கை?

சுப்பராயன்: உன் கை. காலைல ரூமைப் பெருக்க வந்தியே... ஒத்துக்கோ. இல்ல, நாளைலேர்ந்து வேலைக்கு வராதே.

பூவம்மாள்: கீழ விழுந்திருந்தா கண்ணாடி தப்பிச்சிருக்குமா? கண்ணாடி முழுசா இருக்குது. உள்ள இருக்கற ஆறு மட்டும் எப்படி...

சுப்பராயன்: பேஜார் பண்ணாதே. போய் வேலையைப் பாரு. ஆறுக்குத்தான் வேலை விடும், இன்னும் ஆறு ஆவல.

பூவம்மாள்: இனிமே எப்படி ஆவும்? கூடையெல்லாம் கவுத்துட்டோம். எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க. பள்ளிவாசல்ல பாங்கு சொல்லி, தொழுது முடிச்சு, அவங்கவங்க வூட்டுக்கே போய்ட்டாங்க. எங்க வூட்டுல பால்குடிப் புள்ளைங்க கத்துதுங்க.

சுப்பராயன்: பாங்கு சூரியனுக்கு. வேலை கடியாரத்துக்கு.

பூவம்மாள்: சரி, கடியாரத்தையே கேப்போம். தினம் பொழுது சாயறப்ப கதவைச் சாத்திக்கினு இன்னா செய்வீங்க?

சுப்பராயன்: சாவி குடுப்பேன்.

பூவம்மாள்: சாவி குடுக்கறதுக்குத் தோல் சீவற கத்தி எதுக்கு?

சுப்பராயன்: எந்தக் கத்தி...

பூவம்மாள்: உங்க மேஜைக்குக் கீழ கெடந்த கத்தி. முனையில வெள்ளையா பீங்கான் பொடி. பக்கத்துலயே ஆறும் கெடந்துது. பொறுக்கி முந்தானையில முடிஞ்சிக்கினேன்.

சுப்பராயன்: பூவம்மா... குடுத்துடும்மா. கோந்து வச்சு ஒட்டிடலாம்.

பூவம்மாள்: இப்போ அம்மாவா? கண்ணாடியைத் தெறந்து முள்ளைத் தள்ளினீங்களா, இல்லியா?

சுப்பராயன்: கடியாரத் தலையில இருக்கற திருகை இழுத்துத் திருப்பணும்னு எனக்கு யாரு சொன்னா? நேத்து கத்தி வழுக்கிடுச்சு...

பூவம்மாள்: முன்னால தள்ளினீங்களா, பின்னாலயா?

சுப்பராயன்: ...மெதுவாப் பேசு. அவங்க காதுல விழும்.

பூவம்மாள்: விழட்டும். வாசலுக்கு வாங்க. வந்து மணி சொல்லுங்க. அப்புறம் முடிச்சை அவுக்கறேன்.

சுப்பராயன்: சொல்லலேன்னா?

பூவம்மாள்: நாளைக்குச் சாயபு கையில அவுப்பேன். வேலை போனாப் போவட்டும்.

சுப்பராயன்: ...எல்லாரும் கெளம்புங்கம்மா. மணி ஆறு.

பூவம்மாள்: ஆறு என் முந்தானையில இருக்குது மேஸ்திரி. நெசமா எத்தினி மணி?

சுப்பராயன்: ...ஏழு. கடியாரம் என் கைக்கு வந்த நாள்லேர்ந்து, நான் ஆறுன்னு சொன்னப்பல்லாம் ஏழு.